நமது வீட்டுக் குட்டி ஆலமரம்

திருப்பூரில் குடியிருப்பவர்களுக்குப் பஞ்சு என்பது காற்றைப் போல எங்கும் நிறைந்த பொருள். பனியன் கம்பெனிகளில் நூல் பின்னலாகும்போதும் துணி வெட்டப்படும்போதும் எழும் மெல்லிய துகள் சன்னல் கம்பிகளிலும், ஒட்டடையிலும், வேலை முடிந்து வீடு திரும்பும் மக்களின் தலைமயிரிலும் படிந்திருப்பதை நாள்தோறும் காண்கிறோம். ஆகையால், 2009-ஆம் வருஷத்துக் கோடையில் நமது மொட்டை மாடியிலிருந்த தொட்டி மரத்தின் இலைக் காம்புகளில் வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்ததைக் கண்டபோது, அது அடுத்த தெருக் கம்பெனியிலிருந்து பறந்து வந்த பஞ்சு என்றே நிச்சயித்துவிட்டோம். இரண்டு வாரம் அவ்வாறே எண்ணிக்கொண்டும் இருந்தோம். அந்த இரண்டு வார அஜாக்கிரதையின் பலனாக நாம் அடைந்த சிரமத்தையும், அதனால் கற்றுக்கொண்டதையும் இங்கே எழுதப் புகுந்தோம். தொட்டியில் மரம் வளர்க்கும் குடும்பங்கள் நம் நாட்டில் இப்பொழுது அநேகம். நமக்கு நேர்ந்த பிசகு அவர்களுக்கு நேராதிருந்தால் அதுவே போதும்.

மரத்தைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அது கடையில் விலை கொடுத்து வாங்கியதன்று. மாடிக் கைப்பிடிச் சுவரின் வெடிப்பில், ஏதோ ஒரு பறவை இட்ட எச்சத்திலிருந்து முளைத்த ஆலங்கன்று. சுவரைப் பிளந்துவிடும் என்று அஞ்சிக் கொத்தனார் அதைப் பிடுங்கி எறியப் போனார். நமது குமாரத்தி குறுக்கே நின்று தடுத்து, அதைத் தனக்குத் தரவேண்டுமென்று அழுதாள். சீனத்திலும் ஜப்பானிலும் பெரிய மரங்களை அகலத் தட்டுகளில் வாமனாவதாரமாக நிறுத்தி வைத்துத் தலைமுறை தலைமுறையாகப் பேணுவார்கள் என்றும், அதற்குப் போன்சாய் என்று பெயர் என்றும் நாம் படித்திருந்தோம். சரி, நாமும் முயன்று பார்ப்போம் என்று ஒரு மண் தட்டில் அதை நட்டோம். கிளையைக் கவாத்துச் செய்து, கம்பி சுற்றி வளைத்து, இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வேரை நறுக்கி மண்ணை மாற்றி வந்தோம். ஆறு வருஷத்தில் அது ஒரு முழ உயரத்தில், இரண்டு விழுதும் விட்டு, பார்ப்பவர்கள் அதிசயிக்கும்படி நின்றது.

அதற்குத்தான் அந்த வெண்மை வந்தது. சில நாளில் இலைகள் தொட்டால் பிசுபிசுத்தன. பிறகு கட்டெறும்புகள் வரிசையாக ஏறி இறங்கத் தொடங்கின. அதன் பிறகு இலைகளின் மேல் அடுப்புக்கரி பூசினாற்போல் ஒரு கருமை படர்ந்தது. இவை மூன்றும் ஒரே நோயின் மூன்று அடையாளங்கள் என்பது அப்பொழுது நமக்குத் தெரியாது. இலையின் சாற்றை உறிஞ்சும் பூச்சிகள் தமக்கு வேண்டியது போக மிகுந்த இனிப்பைத் திரவமாகக் கழிக்கின்றன. பிசுபிசுப்பு அதுவே. அந்தத் தேனுக்காகவே எறும்புகள் வருகின்றன. சிந்திய தேனின் மேல் ஒருவகைப் பூசணம் பிடித்துக் கறுக்கிறது. ஆகவே எறும்பு வரிசையைக் கண்டவுடனேயே இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்திருக்க வேண்டும். நாமோ எறும்புதான் குற்றவாளி என்று அதற்கு மருந்துப் பொடி தூவிக்கொண்டிருந்தோம்.

ஒரு நாள் அந்தப் "பஞ்சு" மெதுவாக நகர்வதைக் குமாரத்தி கண்டுபிடித்தாள். அவளுக்கு அப்பொழுது வயது ஒன்பது. பதறிப்போய், கடைவீதியில் ஒரு மருந்துக் கடைக்குச் சென்று, பூச்சிக்குப் பலமான மருந்தாகக் கொடுங்கள் என்று கேட்டோம். எந்தப் பூச்சி, எந்தச் செடி என்று கடைக்காரரும் கேட்கவில்லை; நாமும் சொல்லவில்லை. மூக்கைத் துளைக்கும் நாற்றத்துடன் அந்த மருந்தை மாடியில் தெளித்தோம். காய்ந்துகொண்டிருந்த துணியையெல்லாம் நமது மனைவி திரும்பவும் துவைக்க வேண்டியதாயிற்று. அது பற்றி அவள் கூறிய வார்த்தைகளை இங்கே எழுத வேண்டியதில்லை.

மருந்து தெளிப்பதற்கு முந்தின நாள் குமாரத்தி நம்மை அழைத்து, ஓர் இலையின் மேல் அரிசி மணியளவில் ஒட்டியிருந்த ஒரு வஸ்துவைக் காட்டினாள். "அப்பா, குரங்கு மூஞ்சி பாருங்கள்!" என்றாள். உண்மையிலேயே இரண்டு கண்ணும், மூக்கும், வாயுமாகச் சின்னஞ்சிறு குரங்கின் முகம் போலவே அது இருந்தது. அதை வைத்துக்கொள்ள வேண்டுமென்று கெஞ்சினாள். இதுவும் ஒரு பூச்சிதான் என்று சொல்லி நாம் நகத்தால் நசுக்கிவிட்டோம். இலைகளின் நடுவே வெள்ளை நூல் போர்த்தினாற்போலச் சற்று வேகமாக ஊர்ந்துகொண்டிருந்த சில புழுக்களும் மறுநாள் மருந்தில் மாண்டன. பூச்சி ஒழிந்தது என்று நிம்மதியாக உறங்கினோம். மூன்று வாரத்தில் மரத்தின் பாதி இலைகள் உதிர்ந்தன. வெள்ளைப் பூச்சியோ முன்னிலும் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது.

அந்தச் சமயத்தில் உடுமலைப்பேட்டைப் பக்கத்திலிருந்து நமது மைத்துனர் வந்திருந்தார். அவர் பட்டுப்புழு வளர்ப்பவர். வழக்கமாக வாய் ஓயாமல் பேசுகிறவர், அன்று சாப்பாட்டின்போதுகூட அதிகம் பேசவில்லை. மாடிக்கு அழைத்துச் சென்று மரத்தைக் காட்டினோம். குனிந்து பார்த்தவர் பெருமூச்சு விட்டார்.

"ஏனுங்க மாப்பிள்ளை, இது இங்கேயும் வந்திருச்சுங்களா?" என்றார். "மாவுப்பூச்சிங்க இது. ரெண்டு ஏக்கர் மல்பெரியை இதுக்குத்தான் போன மாசம் வேரோட பிடுங்கிப் போட்டேனுங்க."

நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. மருந்து அடிக்கக் கூடாதா என்று கேட்டோம்.

"இலைக்கு மருந்து அடிச்சா அதைத் தின்கிற பட்டுப்புழு செத்துப் போகுமுங்களே. பூச்சியைக் கொன்னாப் புழுவும் போச்சு; விட்டா இலையே போச்சு. எந்தப் பக்கம் போறதுங்க?"

அவர் கேட்ட கேள்விக்கு நம்மிடத்தில் விடை இல்லை. நமது கஷ்டம் ஒரு தட்டு மரத்தோடு முடிந்தது. அவருக்கோ இரண்டு ஏக்கரும், புழு வளர்க்கும் கொட்டகையும், வங்கியில் வாங்கிய கடனும் அதில் அடங்கியிருந்தன.

அந்தப் பூச்சியின் பூர்வோத்தரத்தைப் பின்னால் விசாரித்து அறிந்தோம். அதன் தாயகம் மெக்ஸிகோவும் அதை அடுத்த மத்திய அமெரிக்காவும். அங்கே அதற்கு இயற்கையான பகைவர்கள் உண்டாதலால் அது அடங்கிக் கிடந்தது. 1990-க்குப் பின் கரீபியன் தீவுகளிலும், பிறகு பசிபிக் தீவுகளிலும் பரவி, 2008-ஆம் வருஷத்தில் கோயம்புத்தூரில் பப்பாளி மரங்களின் மேல் காணப்பட்டது. அதன் பெயர் பப்பாளி மாவுப்பூச்சி. பெயர் பப்பாளியுடையதாயினும் மல்பெரி, மரவள்ளி, பருத்தி, செம்பருத்தி, காட்டாமணக்கு என்று அது தொடாத செடி சொற்பம். ஒரு பெண் பூச்சி நூற்றுக்கணக்கில், சில சமயம் அறுநூறு வரையிலும், பஞ்சுப் பை போன்ற ஒன்றினுள் முட்டையிடும். ஒரு மாதத்தில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. காற்றிலும், எறும்பின் மேலும், மனிதருடைய வேட்டியிலும் தொற்றிக்கொண்டு போகும். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி ஆடியில் வீசும் காற்றைக் கொங்கு நாட்டார் அறிவார்கள். அந்தக் காற்றும் அவற்றுக்கு வாகனமாயிற்று. நமது அண்டை வீட்டுப் பப்பாளி அந்த வருஷம் பட்டுப்போனதற்கும், நமது மரத்துக்கு நோய் வந்ததற்கும் உள்ள சம்பந்தம் இப்போது விளங்கியது.

மைத்துனர் அன்று மாலை நமக்குச் சில பாடங்கள் சொன்னார். வேளாண்மை அதிகாரிகள் அவர்களுடைய கிராமத்தில் கூட்டம் போட்டுச் சொல்லியவை அவை. பூச்சியை அடையாளம் காண ஒரு வழி கூறினார். ஒரு சிறு கண்ணாடிப் புட்டியில் ஸ்பிரிட் ஊற்றி அதில் நாலைந்து பூச்சிகளைப் போட்டு வைத்தால், மஞ்சள் நிறமான இந்தப் பூச்சி கருநீலமாக மாறிவிடும். அவ்வாறே போட்டு வைத்தோம். காலையில் பார்த்தபோது கறுத்தே கிடந்தது.

பிறகு குமாரத்தி தன்னுடைய குரங்கு மூஞ்சிக் கதையை மாமாவிடம் முறையிட்டாள். அவர் நம்மைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது.

"அது நம்ம ஆளுங்க, மாப்பிள்ளை!" என்றார்.

அது ஒரு பட்டாம்பூச்சியின் கூட்டுப்புழு. அந்தப் பட்டாம்பூச்சியின் புழு இலையைத் தின்பதில்லை. மாவுப்பூச்சியையும் அதன் முட்டைகளையும் தின்று வளர்கிறது. தின்ற பூச்சியின் வெள்ளை மெழுகையே முதுகில் போர்த்துக்கொண்டு அவற்றின் நடுவிலேயே வாழ்கிறது. நமது நாட்டில் இயல்பாக வாழும் ஜீவன் அது. நாம் "வேகமாக ஊர்ந்த புழு" என்று கண்டவற்றில் சில இதுவாகவும், மற்றவை பொறிவண்டின் குஞ்சுகளாகவும் இருக்க வேண்டும். பொறிவண்டு ஜாதியில் ஒன்று 1898-ஆம் வருஷத்திலேயே ஆஸ்திரேலியாவிலிருந்து காப்பித் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் குஞ்சும் வெள்ளை நூல் போர்த்து, மாவுப்பூச்சியைப் போலவே வேஷம் தரித்திருக்கும். இரண்டையும் பிரித்தறிய எளிய வழி, சிறு குச்சியால் தொட்டுப் பார்ப்பதே. மாவுப்பூச்சி அசையாது கிடக்கும், அல்லது மந்தமாக நகரும். பொறிவண்டுக் குஞ்சு அளவில் பெரியது, விரைந்து ஓடும். நாம் தெளித்த மருந்து இவர்களையெல்லாம் கொன்றது. மாவுப்பூச்சியின் மெழுகுப் போர்வையின் மேலோ நீர் ஒட்டாமல் வழிந்தது. பைக்குள்ளிருந்த முட்டைகளுக்குச் சேதமில்லை. காவற்காரர்களைத் தீர்த்துவிட்டுக் கள்வர்களைக் கொலுவிருத்திய கதையாயிற்று. கதருக்குப் பேர்போன ஊரில், 1932-இல் கொடியைக் கைவிடாமல் உயிர் நீத்த குமரனுடைய ஊரில் இருந்துகொண்டு, மெக்ஸிகோப் பூச்சிக்கு உதவியாகச் சுதேசிப் பட்டாம்பூச்சியை நசுக்கினோமே என்று நமது மனைவி பரிகாசம் செய்தாள். பதில் பேச நமக்கு முகமில்லை.

பிறகு செய்த வைத்தியத்தைச் சொல்லுகிறோம். முதற்காரியமாக மரத்தை மற்றத் தொட்டிகளிலிருந்து பிரித்து மாடியின் மறுகோடியில் வைத்தோம். எறும்புகள் மாவுப்பூச்சியை மேய்ப்பவை. பொறிவண்டு நெருங்கினால் துரத்துபவை. ஆகவே அகலமான தட்டில் நீர் ஊற்றி, நடுவில் செங்கல்லை வைத்து அதன்மேல் மரத்தை நிறுத்தினோம். நீரில் கொசு வராதிருக்க ஒன்றுவிட்டு ஒருநாள் மாற்றினோம். பூச்சி கெட்டியாகப் பிடித்திருந்த கொப்புகளை வெட்டி எரித்தோம். மற்ற இடங்களில், குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி, மருந்துக்கடை ஸ்பிரிட்டில் நனைத்து, ஒவ்வொரு கணுவாகத் துடைத்தோம். ஸ்பிரிட் மெழுகைக் கரைத்துப் பூச்சியைக் கொல்லும். ஆனால் முதலில் ஓர் இலையில் மட்டும் தொட்டு, இரண்டு நாள் பொறுத்து, இலை கருகாவிட்டால்தான் மற்றவற்றைத் தொட வேண்டும். இலையின் கருமையைத் துடைக்கத் திருப்பூரில் துணிக்குப் பஞ்சமா? பனியன் வேஸ்ட்டை ஈரமாக்கித் துடைத்தோம். பிறகு ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும், எண்ணெய் நீரோடு கலப்பதற்காகச் சிறிது சோப்பும் சேர்த்துக் குலுக்கி, வெயில் தாழ்ந்த பின் இலையின் அடிப்புறத்தில் படும்படி தெளித்தோம். வாரம் ஒருமுறையாக நான்கு வாரம் செய்தோம். முட்டை பொரிந்து புதிய குஞ்சுகள் வந்துகொண்டேயிருக்குமாதலால் ஒரு தெளிப்போடு நிறுத்திவிடுவதில் பயனில்லை. வேரிலும் ஒருவகை மாவுப்பூச்சி வாழும் என்று கேள்விப்பட்டு, தட்டிலிருந்து மரத்தை மெதுவாகத் தூக்கி வேரையும் பார்த்தோம். அங்கே வெண்மை ஒன்றுமில்லை. நட்சத்திரம் பார்த்து மணமுடிப்பவரைப் போல அன்று நமக்குச் சந்தோஷம்.

மற்றப் பூச்சிகளைப் பற்றியும் இரண்டொரு வார்த்தை. கிளையில் பழுப்பான சிறு செதில்கள் காணப்பட்டால் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பட்டைக்கு ஊறில்லாமல் பெயர்ந்து வந்தால் அது செதில் பூச்சி. அதற்கும் ஸ்பிரிட் வைத்தியமே. இலை மங்கி, ஊசி குத்தினாற்போல் வெளிர்ப் புள்ளிகள் தோன்றினால் வெள்ளைத் தாளை அடியில் பிடித்துக் கொப்பைத் தட்டுங்கள். விழுந்த தூசு நடக்கத் தொடங்கினால் அது செஞ்சிலந்தி. எட்டுக் காலுள்ள அதைப் பூச்சி என்பதே பிழை. வறண்ட சூட்டில் பெருகுவது. நீரைப் பீச்சி அடித்துக் கழுவினாலே பெரும்பாலும் அடங்கும். இச்சி ஜாதி மரங்களில் இளந்தளிர் நீளவாக்கில் படகுபோல் மடிந்திருந்தால் உள்ளே கரிய இலைப்பேன்கள் இருக்கும். மருந்து மடிப்புக்குள் நுழையாதாகையால் அந்த இலைகளைக் கிள்ளி அழிப்பதே மேல். மாதுளைத் துளிரில் கும்பலாக மொய்க்கும் அசுவினிக்குச் சோப்பு நீரே போதும். எல்லாவற்றுக்கும் மேலாக, புதிதாக வாங்கி வரும் எந்தச் செடியையும் மூன்று வாரமாவது தனியே வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும்.

நமது மரம் இவ்வாறு பிழைத்தது. ஆனால் இரண்டு ஏக்கர் மல்பெரிக்குப் பஞ்சு சுற்றிய குச்சியால் வைத்தியம் செய்ய முடியுமா? அதற்கு வழி வேறு திசையிலிருந்து வந்தது. இந்தப் பூச்சியின் தாயகத்தில் அதை அடக்கி வைத்திருந்த குளவிகளை அமெரிக்காவின் விவசாய இலாகா போர்ட்டோ ரிக்கோ தீவில் வளர்த்து வந்தது. அவற்றில் மூன்று இனங்கள் 2010-ஆம் வருஷம் ஜூலையில் பெங்களூரிலிருந்த மத்திய ஸர்க்காரின் பூச்சி ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்து சேர்ந்தன. அங்கே அவற்றை அடைத்து வைத்து, நமது பயிருக்கோ, பட்டுப்புழுவுக்கோ, மற்ற நல்ல பூச்சிகளுக்கோ தீங்கு செய்யாதவை என்று நிச்சயித்த பின்னரே வெளியில் விட்டார்கள். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் அவற்றைப் பெருக்கித் தமிழ்நாட்டு விவசாயிகளுக்கு அளித்தார்கள்.

குளவி என்றதும் கொட்டும் குளவியை நினைக்க வேண்டாம். இது மிகவும் நுண்ணியது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு பூச்சியை உள்ளிருந்தே தின்று, வெறும் கூடாக்கி, ஒரு துளையிட்டு வெளியேறும்.  சில மாதங்களுக்குள் பப்பாளித் தோட்டங்களிலும் மல்பெரியிலும் மாவுப்பூச்சி பெரும்பாலும் அடங்கிவிட்டது. ஒரு சிறு புட்டியில் அந்தக் குளவிகளை வாங்கிப் போய் அண்டைத் தோட்டத்து வேலியோரம் திறந்துவிட்டதை நமது மைத்துனர் சொல்லும்போது, பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பியவர்போல் சொல்லுவார். 2011-இல் அவர் மறுபடியும் மல்பெரி நட்டார். பிடுங்கிய வருஷத்துக் கடனை அடைக்க மேலும் நான்கு வருஷமாயிற்று. இன்னும் ஒரு வருஷம் பொறுத்திருந்தால் பழைய வேரே தழைத்திருக்குமே என்று இன்றைக்கும் ஆற்றாமைப்படுவார். பொறுத்திருக்க அவரிடத்தில் அப்போது கையில் என்ன இருந்தது?

பூச்சியைக் கொண்டு காரியம் சாதிப்பது உலகத்துக்குப் புதிதன்று. கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களை ஒரு வெண்பூச்சி அழித்தபோது, 1888-ஆம் வருஷத்தில் ஆஸ்திரேலியாவுக்கு ஆள் அனுப்பி ஒருவகைப் பொறிவண்டை வருவித்து அவற்றைக் காப்பாற்றினார்கள். நம் தேசத்திலோ அதற்கும் முந்திய ஒரு வேடிக்கை நடந்தது. சிவப்புச் சாயம் தரும் பூச்சி ஒன்று சப்பாத்திக்கள்ளியில் வாழ்கிறது; மாவுப்பூச்சிக்கு உறவுடையது. அந்தச் சாயத்தின் மேல் ஆசை கொண்ட கும்பெனியார் 1795-இல் பிரேஸிலிலிருந்து பூச்சியைத் தருவித்தார்கள். வந்ததோ வேறு இனம். நல்ல சாயம் கிடைக்கவில்லை. ஆனால் அது ஒருவகைக் கள்ளியை அடியோடு அழித்தது. அதைக் கண்டு, 1836 முதல் தென்னிந்தியாவிலும் கள்ளியை ஒழிப்பதற்கென்றே அதைக் கொண்டுவந்து விட்டார்கள். மற்றொருவகைக் கள்ளி நிலங்களை அடைத்துக்கொண்டபோது 1926-இல் இலங்கையிலிருந்து அதற்கேற்ற வேறோர் இனம் வந்தது. சில வருஷங்களில் நிலங்கள் மீண்டன. சாயப் பட்டறைகள் நிறைந்த ஊரில் வாழும் நமக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். ஒரே குலத்தில் பிறந்த பூச்சிகளில் ஒன்று நிலத்தை மீட்டது, மற்றொன்று மல்பெரியைத் தின்றது. அதை அடக்கியதும் கடல் கடந்து வந்த அந்நியக் குளவியே. ஆதலால் எந்தத் தேசத்தில் பிறந்தது என்று கேட்பதைவிட, எதைத் தின்கிறது என்று கூர்ந்து பார்ப்பதே தோட்டக்காரனுக்கு வேண்டிய விசாரணை என்று இப்போது கருதுகிறோம்.

குமாரத்திக்கு உத்தியோகம் ஆகி வெளியூரில் இருக்கிறாள். மரம் இன்னும் மாடியில் இருக்கிறது. விழுதுகள் இப்போது ஐந்து. நாள்தோறும் காலையில் நீர் ஊற்றும்போது இலைகளைத் திருப்பிப் பார்ப்பது நமக்கு வழக்கமாகிவிட்டது. சென்ற கார்த்திகையில் செம்பருத்தித் தொட்டியில் சிறிது வெண்மை தெரிந்தது. குச்சியையும் ஸ்பிரிட்டையும் எடுத்து வந்து குனிந்தபோது, ஓர் இலையின் நடுவில் அரிசி மணியளவில் அந்தக் குரங்கு மூஞ்சி இருந்தது. குச்சியை வைத்துவிட்டுக் குமாரத்திக்குப் போன் செய்தோம்.

"தொடாதீங்கப்பா" என்றாள்.

தொடவில்லை. எட்டு நாள் கழித்துப் பார்த்தபோது கூடு காலியாக இருந்தது.